உட்செவி கண்ட பேகேஷி

உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்த தொல்காப்பியர், உற்றறிவை முதலில் வைத்தார். செவியறிவை ஐந்தாவதாக வைத்தார். புல்லும் மரமும் தொடுவுணர்வோடு நிற்க, விலங்குகள் செவிப்புலன் வரை உயர்ந்தன என்பது மரபியல் காட்டும் வரிசை. இவ்வரிசையில் தொலைவில் நிற்பனவாகத் தோன்றும் முதல் அறிவும் ஐந்தாம் அறிவும் உண்மையில் நெருங்கிய உறவின என்பதை ஆய்வுக்கூடத்தில் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் காட்டிய அறிஞர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். ஹங்கேரி நாட்டில் பிறந்து, 1961ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற ஜார்ஜ் வான் பேகேஷியே அவர். அவர் மருத்துவர் அல்லர். அஞ்சல் துறையில் பணியாற்றிய இயற்பியலாளர். தொலைபேசிக் கம்பிகளைச் சீராக்க அமர்த்தப்பட்ட ஓர் இளைஞர் மனிதச் செவியின் மறைபொருளைத் திறந்த வரலாறு, அறிவியல் பயில்வோர்க்கு மட்டுமன்றி, மொழியையும் இசையையும் பயில்வோர்க்கும் உரியதாகும்.

திருமண வீட்டில் தவிலுக்கு அருகே அமர்ந்தவர், அதன் முழக்கத்தைக் காதால் மட்டும் கேட்பதில்லை. நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் உணர்கிறார். சற்றுத் தள்ளி அமர்ந்தவருக்கோ அது வெறும் ஓசையாகிறது. தவிலின் தோல் அதிர்கிறது. அவ்வதிர்வு காற்றின் வழியே பரவுகிறது. அதே அதிர்வு உடலின் தோலில் பட்டால் தொடுவுணர்வாகவும், செவியில் பட்டால் ஒலியாகவும் விளங்குகிறது. தோல் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளையே உணர வல்லது. செவியோ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. அதனுள் நுண்ணிய சுருதி வேறுபாடுகளையும் பகுத்தறிகிறது. ஒரே அதிர்வை ஏற்கும் இரு பொறிகளுக்கு இடையே இத்துணைப் பெரிய வேறுபாடு எங்ஙனம் வந்தது? பேகேஷி தம் வாழ்நாளில் விடை தேடிய வினா இதுவே.

அவர் 1899ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையார் நாட்டின் தூதரகப் பணியில் இருந்தவர். எனவே குடும்பம் ஓரூரில் நிலைத்திருக்கவில்லை. மியூனிக், கான்ஸ்டான்டிநோபிள் என இன்று இஸ்தான்புல் எனப்படும் நகரம், புடாபெஸ்ட், சூரிக் என நான்கு நகரங்களில் அவருடைய பள்ளிப் படிப்பு நிகழ்ந்தது. ஊர்தோறும் மொழி மாறியது, ஆசிரியர் மாறினர். இத்தகைய சூழலில் வளரும் பிள்ளை, சொல்லை நம்புவதைக் காட்டிலும் கண்ணை நம்பப் பழகிவிடுகிறது போலும். பிற்காலத்தில் அவர் ஏட்டுக் கொள்கைகளை விட நேர்க்காட்சியையே பெரிதாக மதித்ததற்கு வித்து அந்நாளிலேயே விழுந்திருக்கக் கூடும் என்பது நம் கருத்து.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வேதியியல் பயின்ற பின், 1923ஆம் ஆண்டு புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்து ஹங்கேரி, முதல் உலகப் போரில் தோற்று, தன் நிலப்பரப்பில் பெரும்பகுதியை இழந்து நொந்திருந்த நாடு. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் கருவிகள் இல்லை; கருவி வாங்கப் பணமும் இல்லை. நாட்டில் நல்ல கருவிகளோடு விளங்கிய ஆய்வுக்கூடம் அஞ்சல், தொலைபேசித் துறைக்கு உரியதாக இருந்தது. ஐரோப்பாவின் நடுவே அமைந்த அந்நாட்டின் வழியே பல நாடுகளின் தொலைபேசிக் கம்பிகள் சென்றமையால், அவற்றைப் பழுதின்றிக் காக்கும் கடமை அரசுக்கு இருந்தது. ஆராய்ச்சி செய்ய விரும்பிய பேகேஷி, கருவி இருந்த இடத்தைத் தேடிச் சென்று அஞ்சல் துறையில் சேர்ந்தார். இடையில் ஓராண்டு பெர்லினில் சீமன்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் கழித்தது நீங்கலாக, 1946 வரை அவருடைய பணி அங்கேயே நடைபெற்றது.

நெடுந்தொலைவுக் கம்பிகளைச் சோதிப்பது அந்நாளில் நேரம் விழுங்கும் வேலை. யாழை மீட்டுவோன் நரம்பை ஒருமுறை தெறித்தே சுருதியை அறிகிறான். கம்பியை மட்டும் ஏன் பல கருவிகளால் நெடுநேரம் அளக்க வேண்டும் என்று பேகேஷி எண்ணினார். கம்பியின் முனையில் மின்னோட்டத்தைச் சட்டென இணைத்து, எழும் சிறு 'டக்' ஓசையைக் கேட்டார். கம்பியில் எங்கேனும் பழுது இருப்பின் அவ்வோசை மாறுபட்டது. அளவுகருவி நெடுநேரத்தில் கண்டதைச் செவி நொடியில் கண்டது. அந்தச் 'டக்' ஓசையே அவரைச் செவியின் பால் திருப்பியது எனலாம்.

அடுத்ததாக ஒரு நடைமுறை வினா எழுந்தது. தொலைபேசியில் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமாயின், பணத்தை எதில் செலவிட வேண்டும்? கம்பியைச் சீராக்குவதா, பேசும் கருவியையா, காதில் வைக்கும் கருவியையா? இதற்கு விடை காண வேண்டுமாயின், இறுதியாக ஒலியை ஏற்கும் செவி எத்துணைத் தரமுடையது என்பது தெரிய வேண்டும். பேகேஷி செவிப்பறையின் அசைவையும், தொலைபேசிக் கருவியின் உலோகத் தகட்டின் அசைவையும் ஒப்பிட்டார். இயற்கை செய்த தோல், மனிதன் செய்த தகட்டைப் பன்மடங்கு விஞ்சியிருந்தது. பழுது கருவியிலேயே என்பது தெளிவாயிற்று. அலுவலகக் கேள்விக்கு விடை கிடைத்த அளவில் வேறொருவர் கோப்பை மூடியிருப்பார். பேகேஷியோ செவிப்பறைக்கு அப்பால் என்ன நிகழ்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

செவிப்பறையின் அசைவைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் ஏற்று உட்செவிக்குக் கடத்துகின்றன. செவிப்பறையின் பயனுறு பரப்பு, அங்கவடி எலும்பு பொருந்தியுள்ள சிறு சாளரத்தின் பரப்பைப் போல ஏறத்தாழ 17 மடங்கு. அகன்ற பரப்பில் விழும் காற்றின் மெல்லிய அழுத்தம் குறுகிய பரப்பில் குவிந்து வலிமை பெறுகிறது. அவ்வலிமையால்தான் காற்றில் வந்த அதிர்வு உட்செவியின் நீரை அசைக்க முடிகிறது. உட்செவி என்பது நத்தையின் ஓடு போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்டு, தலையின் மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஒரு நீர்க்குழல். இதனைக் காக்ளியா என்பர். அதனை நெடுகிலும் இரண்டாகப் பிரித்து நிற்கிறது அடிச்சவ்வு. சுருளை நீட்டிவைத்தால் அதன் நீளம் 35 மில்லிமீட்டர் அளவே. நம் சுண்டு விரலினும் குறைவு. அதன் மேல் வரிசையாக அமர்ந்துள்ள மயிர்ச்செல்களே அதிர்வை நரம்பின் மொழிக்கு மாற்றுகின்றன.

இந்தச் சவ்வு எவ்வாறு அசைகிறது என்பதில்தான் அறிஞர் பிளவுபட்டு நின்றனர். ஜெர்மானியப் பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில், அச்சவ்வு யாழ் போன்றது, அதில் குறுக்கே ஓடும் இழைகள் இழுத்துக் கட்டிய நரம்புகள், ஒவ்வொரு சுருதிக்கும் அதற்குரிய இழை மட்டும் ஒத்ததிர்கிறது என்னும் கருத்தை முன்வைத்தார். முழுச்சவ்வும் தொலைபேசித் தகடு போல ஒன்றாக அசைகிறது, பகுப்பது மூளையே என்றனர் சிலர். நிலையலைகள் தோன்றுகின்றன என்றனர் வேறு சிலர். முனையிலிருந்து முனைக்கு அலை ஓடுகிறது என்று கூறியோரும் உண்டு. நான்கு கொள்கைகளுக்கும் வாதம் இருந்தது, சான்று இல்லை. எவரும் அச்சவ்வு அசைவதைக் கண்டதில்லை.

காணத் துணிந்தவர் பேகேஷி. முதலில் அவர் செய்தது ஒரு மாதிரி. இரண்டு அறைகளாகப் பிரித்து நீர் நிரப்பிய பெட்டி. நடுவே உலோகத் தகட்டில் ஒரு நீண்ட பிளவு. பிளவின் மேல் மெல்லிய ரப்பர்ச் சவ்வு. சவ்வின் தடிப்பையும் விறைப்பையும் மாற்றிப் பார்த்தபோது வியப்பான உண்மை புலப்பட்டது. நான்கு கொள்கைகள் கூறிய நான்கு வகை அசைவுகளையும் அந்த ஒரே மாதிரியில் தோற்றுவிக்க முடிந்தது! ஆகவே கொள்கைகளுள் எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை. மனிதச் செவியின் சவ்வு எத்துணை விறைப்புடையது என்பதை அளந்தால் போதும், விடை தானே வரும். 1928இல் இவ்வாய்வின் முதற்கட்டுரை ஜெர்மன் மொழியில் வெளியாயிற்று. நீண்ட நாள் பூசலைத் தீர்க்க, ஒரு பக்கம் சேராமல், அளக்க வேண்டியது எது என்று கண்டதே அவருடைய தனித்திறம்.

அளப்பதற்கு மனிதச் செவி வேண்டுமே! மருத்துவமனைகளில் இறந்தோர் உடலிலிருந்து செவி எலும்பைப் பெற்று வந்தார். உயிர் பிரிந்தவுடன் உட்செவியின் மென்மையான பகுதிகள் விரைவில் கெடத் தொடங்கும் ஆதலின், காலம் தாழ்த்தாமல் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. எலும்பைத் துளைக்கத் தொலைபேசித் துறைப் பட்டறையின் துளைக்கும் இயந்திரத்தையே இரவில் பயன்படுத்தினார். காலையில் வேலைக்கு வந்த தொழிலாளர், தம் இயந்திரத்தில் எலும்புத் தூள் படிந்திருக்கக் கண்டு முகம் சுளித்தனர். அஞ்சல் துறையில் இறந்தோர் தலைக்கு என்ன வேலை என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதில் பிழை காண இயலாது. இறந்தோர் உடலைப் போற்றும் மரபில் வந்த நமக்கும் இந்நிகழ்ச்சி சற்று நெருடவே செய்யும். எனினும் அவ்வெலும்புகள் வழியே பெற்ற அறிவு, பின்னர் எத்தனையோ வாழ்வோரின் செவிநோயை அறிய உதவியது என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எலும்பை நீருக்குள் வைத்தே குடைந்தார். நீரோட்டம் தூளை அடித்துச் சென்றமையால் பார்வை மறையவில்லை, சவ்வும் உலரவில்லை. நுண்ணோக்கியின் கண்ணாடி வில்லையும் நீருக்குள் அமிழ்ந்திருந்தது. மிகச் சிறிய கத்தரிகளையும் கத்திகளையும் தாமே செய்து கொண்டார். உட்செவியின் மெல்லிய சவ்வின் மேல் நுண்ணிய துகள்களைத் தூவி, ஒலியால் அதனை அசைத்து, விட்டு விட்டு மின்னும் ஒளியைப் பாய்ச்சினார். விரைந்து சுழலும் சக்கரத்தின் மேல் அத்தகைய ஒளி விழுந்தால் சக்கரம் மெல்லச் சுழல்வது போலத் தோன்றும் அல்லவா? அவ்வாறே நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிர்ந்த சவ்வு, மெல்ல நெளிவது போலக் கண்ணுக்குப் புலனாயிற்று.

அவர் கண்டது ஓடும் அலை. கயிற்றின் ஒரு முனையை உதறினால் நெளிவு மறுமுனை நோக்கி ஓடுவது போல, அங்கவடி எலும்பின் அருகே தொடங்கிய அலை காக்ளியாவின் உச்சி நோக்கி ஓடியது. ஓடும்போதே உயர்ந்து, ஓரிடத்தில் பேரளவை அடைந்து, அதற்கப்பால் விரைவில் அடங்கியது. உயர்ந்த சுருதியாயின் அப்பேரளவு வாயிலின் அருகே. தாழ்ந்த சுருதியாயின் உச்சியின் அருகே. சுருதி மாற மாற இடமும் மாறியது. சவ்வின் விறைப்பு வாயிலிலிருந்து உச்சிக்குச் செல்லும்போது ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைவதே இதற்குக் காரணம் என்பதையும் அளந்து காட்டினார். சவ்வில் ஒரு சிறு கீறல் இட்டபோது, கீறலின் விளிம்புகள் விலகவில்லை. இழுத்துக் கட்டிய நரம்பை அறுத்தால் அது சுருண்டு விலகும். இது விலகவில்லையாதலின், யாழ் என்னும் உவமை பொருந்தாது என்பது தெளிவாயிற்று. ஆயினும் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூறியதன் சாரம் நிலைத்தது. அந்த இடம் உண்டாகும் முறையே வேறு. சுண்டெலி முதல் யானை வரை பல உயிர்களின் செவிகளையும் அவர் ஆய்ந்தார். எல்லாவற்றிலும் அலை ஓடியது.

நம் குரலை ஒலிப்பதிவுக் கருவியில் கேட்கும்போது அது நம் குரலன்று போலத் தோன்றுவதைப் பலரும் உணர்ந்திருப்பர். இதற்கும் விளக்கம் தந்தவர்களுள் அவர் ஒருவர். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியே வெளியே சென்று செவியை அடைவதோடு, மண்டை எலும்பின் வழியே உள்ளிருந்தும் உட்செவியை அடைகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒத்த அளவின என 1949இல் காட்டினார். ஒலிப்பதிவில் எலும்பு வழி வந்த பங்கு இல்லை. ஆதலால் குரல் மெலிந்து வேறாக ஒலிக்கிறது. எலும்பின் வழிக் கேட்பது தனிவகைக் கேள்வியோ என்னும் ஐயத்தை அவர் 1932இலேயே ஓர் எளிய சோதனையால் போக்கியிருந்தார். 400 ஹெர்ட்ஸ் ஒலியை நெற்றி எலும்பின் வழியாகவும், அதே ஒலியைக் காற்றின் வழியாகவும் ஒருங்கே செலுத்தி, ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குமாறு அமைத்தார். கேட்போர் எதையும் கேட்கவில்லை. இரண்டு ஒலிகள் கூடி அமைதியாயின! எவ்வழியே வரினும், இறுதியில் அசைவது ஒரே சவ்வே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1940இல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் செயல்முறை இயற்பியல் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போர் அந்நகரைச் சிதைத்தது. 1946இல் தாயகம் நீங்கிச் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தை அடைந்தார். ஒலி கேட்கும்போது நோயாளியே பொத்தானை அழுத்தியும், கேளாதபோது விட்டும், தன் கேள்வியின் எல்லையைத் தானே தாளில் வரைந்துகொள்ளும் செவிச்சோதனைக் கருவி அவர் பெயரால் வழங்குகிறது. அது 1947இல் வெளிவந்தது. அவ்வாண்டே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்று, 1966 வரை அங்கு ஆய்வு செய்தார். வாழ்நாள் முழுதும் திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஹார்வர்டில் அவர் செய்த சோதனைகளுள் ஒன்றை மாணவர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். ஓடும் அலை சவ்வின் பெரும்பகுதியில் பரந்து கிடப்பதை அவர் கண்டிருந்தார். அலை அத்துணை அகலமாயின், அடுத்தடுத்த இரு சுருதிகளைச் செவி எங்ஙனம் பிரித்தறிகிறது? உயிருள்ள மனிதனின் உட்செவியைத் திறந்து பார்க்க இயலாது. எனவே தோலையே செவியாக்கினார். நீர் நிரப்பிய ஒரு குழல். அதன் நெடுகிலும் 30 சென்டிமீட்டர் நீளத்திற்கு, காக்ளியாவின் சவ்வைப் போலவே விறைப்பு மாறிவரும் ஒரு பரப்பு. அதன் மேல் ஒருவர் தம் முன்கையை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முனையில் நீரை அதிரச் செய்தால், அலை முன்கையின் அடியில் முழுநீளமும் ஓடும்.

முழுக்கையும் அதிர்வதாக அவர் உணர வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள ஓரிடத்தில் மட்டுமே அதிர்வு உணரப்பட்டது. அதிர்வெண்ணை மாற்றினால் அவ்விடம் கையின் மேல் நகர்ந்தது. ஏற்றினால் ஒருபுறம், இறக்கினால் மறுபுறம். கை, சுருதியை இடமாக உணர்ந்தது. கையின் மற்ற பகுதிகளிலும் தோல் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. எனினும் மிகுதியாகத் தூண்டப்பட்ட இடத்து நரம்புகள், அயலிடத்து நரம்புகளின் செய்தியை அடக்கிவிட்டன. புலன்களின் இந்த இயல்பை அவர் புலனடக்கம் என்னும் பொருள்படும் பெயரால் குறித்து, 1967இல் தனி நூலாகவே எழுதினார். நம் நூல்கள் கூறும் ஐம்புலன் அடக்கத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இது முயன்று செய்வதன்று, நரம்புகள் தாமே செய்வது.

மற்றொரு சோதனை இதனினும் விந்தையானது. இரண்டு விரல் நுனிகளில் இரண்டு அதிர்விகளை வைத்து, இரண்டையும் ஒரே கணத்தில் தட்டினால், தட்டு இரு விரல்களுக்கும் நடுவே நிகழ்வதாக உணரப்படுகிறது. ஒன்றை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியளவு முந்தச் செய்தால், உணர்வு முந்திய விரலுக்குத் தாவிவிடுகிறது. இதே சோதனையை இரு தொடைகளில் செய்து, முழங்கால்களை விரித்து அமர்ந்த நிலையில் பழகியவர்கள், கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் அதிர்வை உணர்ந்தனர். தோல் இல்லாத இடத்தில் தொடுவுணர்வு! ஆனால் செவியில் இதனை நாம் நாள்தோறும் செய்கிறோம். முதுகுக்குப் பின்னால் ஒருவர் அழைத்தால், ஒலி காதில் இருப்பதாக உணர்வதில்லை. அழைத்தவர் நிற்கும் இடத்தில் இருப்பதாகவே உணர்கிறோம். இரு செவிகளை அடையும் ஒலியின் நுண்ணிய கால வேறுபாட்டைக் கொண்டு மூளை அவ்விடத்தைக் கணிக்கிறது. தோலும் பழக்கினால் இக்கலையைக் கற்கும் என்பதை அவர் காட்டினார்.

தம் கட்டுரைகளைத் திரட்டி 1960இல் வெளியிட்ட பெருநூலில், ஆய்வாளன் பிழைகளிலிருந்து தப்புவதற்கு அவர் கூறும் வழி சுவையானது. பிழை காட்டும் நண்பன் நல்லவன். அவனினும் நல்லவன், பிழை காட்டுவதற்கென்றே நேரத்தைச் செலவிடும் பகைவன். இதில் உள்ள இடர், அத்தகைய பகைவர் சில நாளில் நண்பராகி ஊக்கம் இழந்துவிடுவது; தாம் அவ்வாறு சிறந்த பகைவர் மூவரை இழந்ததாக அவர் வருந்துகிறார். இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுவான் என்னும் கருத்தில் ஊறிய நமக்கு இது புதிதன்று. ஆனால் இடிப்பாரை இழந்ததற்கு நகைச்சுவையோடு வருந்தியவரைக் காண்பது அரிது.

1961இல் நோபல் பரிசு வந்தது. உட்செவியில் தூண்டல் நிகழும் இயற்பியல் முறையைக் கண்டமைக்காக அப்பரிசு வழங்கப்பட்டது. பழங்கலைப் பொருள்களைச் சேர்ப்பதில் அவருக்கு இருந்த ஈடுபாடும் பெரிது. பல நாடுகளின் சிற்பங்களையும் கைவினைப் பொருள்களையும் தேடிப் பெற்று, நெடுநேரம் அவற்றைப் பார்த்திருப்பார். போலியையும் மெய்யையும் பிரித்தறியக் கண்ணைப் பழக்குவதும், நுண்ணோக்கியின் கீழ்ச் சவ்வின் அசைவைக் காணப் பழக்குவதும் அவருக்கு ஒரே பயிற்சியாக இருந்தன. அத்தொகுப்பை நோபல் அறக்கட்டளைக்கே விட்டுச் சென்றார். 1965இல் ஹார்வர்டில் அவருடைய ஆய்வுக்கூடம் தீக்கிரையாயிற்று. அகவை 66, ஓய்வு கொள்ளும் பருவம். அவரோ ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று 1966இல் அங்குச் சென்று, பசிபிக் பெருங்கடலின் நடுவே மீண்டும் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். 1972ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் ஹோனலூலு நகரில் காலமானார்.

இத்தோடு நிறுத்தினால் வரலாறு அரைகுறையாகிவிடும். பேகேஷி ஓடும் அலையைக் கண்டது பெரும்பாலும் இறந்தோர் செவியில். அசைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் செலுத்திய ஒலியோ, உயிருள்ளவர் செவி தாங்காத பேரொலி. இயல்பான மெல்லொலியில் செவிப்பறையின் அசைவு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தினும் குறைவு. அதனை அக்காலத்து நுண்ணோக்கி காட்டாது. உட்செவி வெறும் நீர்க்குழலன்று, வந்த அதிர்வைத் தன் ஆற்றலால் பெருக்கும் உயிர்ப்பொறி என்று தாமஸ் கோல்ட் என்னும் இளைஞர் 1948இல் எழுதினார். அவ்வாறு பெருக்குமாயின், செவியிலிருந்தே ஒலி வெளிப்படவும் கூடும் என்றார். பேகேஷி உள்ளிட்ட அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. உட்செவியின் நீரறை ஒன்றில் மின்கலம் போல எப்போதும் நேர்மின்னழுத்தம் நிலைத்திருப்பதை 1952இல் உயிருள்ள விலங்கில் கண்டவர் பேகேஷியே என்பதை எண்ணும்போது, இது சற்று வியப்பளிக்கிறது. மின்கலத்தைக் கண்டவர், அதனால் இயங்கும் பொறி இருக்கும் என்பதை ஏற்கவில்லை. தம் கண் கண்டதை நம்புவதே அவருடைய வலிமை. இவ்விடத்தில் அதுவே அவருடைய எல்லையாகவும் அமைந்தது.

1971இல் வில்லியம் ரோட் என்பவர் உயிருள்ள குரங்கின் உட்செவியை அளந்தார். மெல்லொலிக்குச் சவ்வு எதிர்பார்த்ததை விட மிகுதியாக அசைந்தது; வல்லொலிக்கு அந்த மிகுதி குறைந்தது. விலங்கு இறந்த பின் இவ்வியல்பு மறைந்துவிட்டது என்பதையும் அவர் பின்னர்க் கண்டார். அலை ஓடியது, பேகேஷி கண்டது பொய்யன்று. ஆனால் உயிருள்ள செவியில் அவ்வலையின் முகடு மிகக் கூர்மையானது. இறப்பு அக்கூர்மையை மழுக்கிவிட்டிருந்தது. 1985இல் புறமயிர்ச்செல்கள் மின்தூண்டலால் நீண்டும் குறுகியும் அசைகின்றன என்பதை வில்லியம் பிரௌனெல் குழுவினர் விளக்கினர். அலையை ஊக்கிக் கூராக்கும் பொறி அதுவே. மூன்று வரிசைகளில் ஏறத்தாழ 12,000 அளவில் உள்ள அச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பேரிரைச்சலில் நாளும் வேலை செய்வோரும், காதில் கருவியைச் செருகி உரத்த ஒலியில் பாட்டுக் கேட்போரும் முதலில் இழப்பது அவற்றையே.

கோல்ட் கூறிய செவியின் ஒலியை 1978இல் இங்கிலாந்தில் டேவிட் கெம்ப் நுண்ணிய ஒலிவாங்கியால் பதிவு செய்தார். பேகேஷி மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று பிறந்த குழந்தை உறங்கும்போதே அதன் காதில் ஒரு சிறு கருவியை வைத்து, மெல்லிய 'டக்' ஓசையை எழுப்பி, உட்செவி விடையாகத் தரும் ஒலி வருகிறதா என்று மருத்துவர்கள் பார்க்கின்றனர். வரின், அக்குழந்தையின் உட்செவி நன்கு இயங்குகிறது. வாராவிடின், மேலும் சோதிக்கின்றனர். புடாபெஸ்டின் தொலைபேசிக் கம்பியைப் பேகேஷி சோதித்ததும் அவ்வாறே ஒரு 'டக்' ஓசையைச் செலுத்தி, விடையைக் கேட்டுத்தான்.